நெல்லையிலிருந்து பெரிய விமான நிலையத்துக்கு: முதல் முறை போகிறவர்களுக்கு வாசல் வாசலாக ஒரு வழிகாட்டி

அத்தைக்கு அறுபத்திரண்டு வயதில்தான் முதல் விமானப் பயணம் அமைந்தது. சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் பார்க்கத் தனியாகப் போக வேண்டும். "ப்ளேனுக்குப் பயம் இல்ல யய்யா. அதுக்கு முன்னால அந்தப் பெரிய கட்டடத்துக்குள்ள என்ன செய்யன்னுதான் தெரியல" என்றார்கள். அன்று இரவு ஒரு நோட்டுத் தாளில் வீட்டிலிருந்து விமான இருக்கை வரைக்கும் எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகு தெருவில் துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் போகிற பிள்ளைகள் அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

அத்தைக்குச் சொன்ன முதல் விஷயம் இதுதான். நெல்லையப்பர் கோயிலில் வாசல், கொடிமரம், மணிமண்டபம் என்று ஒவ்வொன்றாகத் தாண்டித்தானே சந்நிதிக்குப் போகிறோம்? விமான நிலையமும் அப்படித்தான். ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் ஒரே ஒரு விஷயத்தைப் பார்ப்பார். அந்த வாசலில் என்ன கேட்பார்கள் என்று தெரிந்து, அதை மட்டும் கையில் எடுத்து வைத்திருந்தால் போதும்.

எங்கிருந்து ஏறுவது

நெல்லைக்காரர்களுக்கு நான்கு வழி இருக்கிறது. பக்கத்தில் இருப்பது வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையம். பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடி சாலையில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். 2025 ஜூலையில் புது முனையம் திறந்திருக்கிறார்கள். இங்கிருந்து சென்னைக்குப் பறந்து, அங்கே வெளிநாட்டு விமானத்துக்கு மாறலாம். ஆனால் இந்த வழித்தடத்தில் பெரும்பாலும் இரட்டை விசிறி வைத்த சிறிய ஏ.டி.ஆர். விமானங்கள்தான் ஓடுகின்றன. தலைக்கு மேலே பெட்டி வைக்கும் இடம் குறுகல் என்பதால் கைப்பெட்டியைச் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரைக்குக் காரில் இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். வளைகுடாவுக்குப் போகிறவர்களில் பலருக்குத் திருவனந்தபுரம்தான் வசதி. நாகர்கோவில் வழியாகப் போனால் மூன்றரை, நான்கு மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். அங்கே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். உள்நாட்டு முனையம் சங்குமுகம் பக்கத்திலும், பன்னாட்டு முனையம் சாக்கை பக்கத்திலும் இருக்கின்றன. ஓடுபாதைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. டிரைவரிடம் வெறுமனே "ஏர்போர்ட்" என்று சொன்னால் போதாது, எந்த முனையம் என்றும் சொல்ல வேண்டும். இன்னொன்று, பத்மநாப சுவாமி கோயிலின் பங்குனி, ஐப்பசித் திருவிழாக்களில் ஆராட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்துதான் கடற்கரைக்குப் போகும். ஆண்டுக்கு இரண்டு நாள், மாலையில் சில மணி நேரம் விமானங்கள் நிற்கும். அந்த நாட்களில் உங்கள் விமான நேரம் மாற்றப்பட்டிருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

நான்காவது சென்னை. விமானங்கள் அதிகம், அதற்கேற்ற கூட்டமும் உண்டு. இனி பெரும்பாலும் சென்னையை வைத்தே சொல்கிறேன். அங்கே பழகிவிட்டால் மற்ற இடங்கள் எளிது.

டிக்கெட் கைக்கு வந்த அன்றே

டிக்கெட் வந்ததும் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். நம் ஊர்ப் பெயர்களில்தான் இந்தச் சிக்கல் அதிகம். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, இனிஷியல்தான். சிலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருக்கும். சிலருக்கு அப்பா பெயர் அங்கே விரிந்திருக்கும். ஆதாரில் "மு. சுடலைமுத்து", பாஸ்போர்ட்டில் "சுடலைமுத்து முப்பிடாதி", டிக்கெட்டில் வெறும் "சுடலைமுத்து" என்று மூன்று விதமாக இருந்தால் கவுண்டரில் நிறுத்திவிடுவார்கள். வெளிநாட்டுப் பயணத்துக்குப் பாஸ்போர்ட்டில் உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும். உள்நாட்டுப் பயணம் என்றால் கையில் கொண்டுபோகிற அடையாள அட்டையோடு பொருந்த வேண்டும்.

ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு சொல்லாகப் பெயர் இருப்பவர்களை விசிட் விசாவில் ஏற்பதில்லை என்று அறிவித்தது. பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாவது விவரப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்கலாம் என்று தளர்த்தினார்கள். விசாவுக்குப் பணம் கட்டும் முன் இதைக் கேட்டுவிடுங்கள். என் சித்தப்பா மகனுக்கு ஓர் ஏஜென்ட் பெயரையும் இனிஷியலையும் இடம் மாற்றி டிக்கெட் போட்டுவிட்டார். பயணத்துக்கு முந்தின நாள்தான் பார்த்தோம். திருத்தக் காசு போனதோடு வீட்டில் அன்று யாரும் தூங்கவில்லை.

அடுத்தது தேதி. நமக்கு விடிந்தால்தான் மறுநாள். விமானக் கம்பெனிக்கு நள்ளிரவு பன்னிரண்டு அடித்தாலே மறுநாள். டிக்கெட்டில் "15ஆம் தேதி 00:40" என்று இருந்தால், 14ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கே நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி ராத்திரி சாவகாசமாக வந்து நின்று, விமானம் நேற்றே போய்விட்டது என்று கேட்டு அழுத ஒரு குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். நேரம் 24 மணிக் கணக்கில்தான் இருக்கும். கிளம்ப வேண்டிய நாளையும் நேரத்தையும் நாள்காட்டியில் தமிழில் எழுதி மாட்டிவிடுங்கள்.

வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக இ.சி.ஆர்., அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும் வகையில் வரும். அந்தப் பாஸ்போர்ட்டோடு வளைகுடா நாடுகள், மலேசியா போன்ற இடங்களுக்கு வேலைக்குப் போவதென்றால் இமைக்ரேட் என்ற இணையதளம் வழியாக அரசின் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். "விசிட் விசாவில் போ, அங்கே போய் வேலை விசா மாற்றிக்கலாம்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இமிக்ரேஷனில், அதாவது குடியேற்றச் சோதனையில், திருப்பி அனுப்பினாலாவது வீட்டுக்கு வந்துவிடலாம். அங்கே போய் மாட்டிக்கொண்டால் மீள்வது மிகவும் கஷ்டம்.

பெட்டி கட்டுவது

நம் ஊர்ப் பாசமெல்லாம் பெட்டிக்குள்தான் போகும். அல்வா, கருப்பட்டி, மக்ரூன், மாவடு, மசால் பொடி, தேங்காய் எண்ணெய் என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கொண்டு போகலாம், எதை எந்தப் பெட்டியில் வைப்பது என்று தெரிந்து வைக்க வேண்டும்.

உங்களோடு விமானத்துக்குள் வருவது கைப்பெட்டி. பெரும்பாலும் 7 கிலோ வரை. கவுண்டரில் கொடுத்து, இறங்கியதும் வாங்கிக்கொள்வது செக்-இன் பெட்டி. உள்நாட்டில் பொதுவாக 15 கிலோ, வெளிநாட்டுக்கு 20 முதல் 30 கிலோ வரை டிக்கெட்டைப் பொறுத்து மாறும். வீட்டிலேயே எடை போடுங்கள். கொக்கியில் மாட்டித் தூக்கும் சின்ன டிஜிட்டல் தராசு கடைகளில் கிடைக்கிறது. அது இல்லையென்றால் தெருமுனைக் கடைத் தராசே போதும். அனுமதித்ததைவிட ஒரு கிலோ குறைவாகவே கட்டுங்கள். இரண்டு தராசும் ஒன்றுபோல் காட்டாது.

வெளிநாட்டு விமானத்தில் நீர்மமாக, கூழாக இருப்பது எதுவும் கைப்பெட்டியில் 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலில் இருக்கக் கூடாது. எல்லாச் சின்ன பாட்டில்களும் சேர்ந்து ஒரு லிட்டருக்குள், உள்ளே இருப்பது வெளியே தெரிகிற ஒரு பிளாஸ்டிக் பையில் இருக்க வேண்டும். பாட்டிலில் பாதிதான் இருக்கிறது என்று வாதாட முடியாது, பாட்டிலின் அளவைத்தான் பார்ப்பார்கள். நம் அல்வா நெய் வடிந்து தளதளவென்று இருக்கும். அதைக் கூழ் என்று சொல்லி எடுத்துவிட வாய்ப்பு உண்டு. அதனால் அல்வா, ஊறுகாய், நெய், எண்ணெய் எல்லாமே செக்-இன் பெட்டிக்குத்தான். இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் இறுக்கிக் கட்டி, நடுவில் துணி சுற்றி வையுங்கள். மக்ரூன் உடையும், அது கைப்பெட்டியில் வரட்டும்.

கொப்பரைத் தேங்காய் செக்-இன் பெட்டியில் கூடாது. அதில் உள்ள எண்ணெயால் தானே சூடேறித் தீப்பிடிக்கும் தன்மை இருப்பதால் விமானத்துக்கு அபாயமான பொருள் என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். நம் தோட்டத்துக் கொப்பரை என்று ஆசையாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பவர் பேங்க் இதற்கு நேர் எதிர். அது கைப்பெட்டியில்தான் வர வேண்டும். செக்-இன் பெட்டியில் வைத்தால் பெட்டியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு உங்களைக் கூப்பிடுவார்கள். பேட்டரி தீப்பிடித்தால் ஆட்கள் இருக்கும் இடத்தில்தான் உடனே அணைக்க முடியும் என்பது காரணம். 20,000 எம்.ஏ.எச். வரை உள்ளது சாதாரணமாகப் பிரச்சினை இல்லை. கத்தி, அரிவாள்மனை, கத்தரிக்கோல், நகவெட்டி எல்லாம் செக்-இன் பெட்டியில் வையுங்கள். தீப்பெட்டியும் லைட்டரும் எந்தப் பெட்டியிலும் வேண்டாம்.

இதை மட்டும் தயவுசெய்து அடிக்கோடிட்டுப் படியுங்கள். வளைகுடா போகிறவர்கள் கசகசா கொண்டு போகவே கூடாது. நமக்கு அது குருமாவில் அரைக்கிற சாமான். அமீரகத்திலும் சவுதியிலும் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும், சிறைக்கே போக நேரிடும். வீட்டில் திரித்த மசால் பொடியில் கசகசா சேர்த்திருக்கிறார்களா என்று அம்மாவிடம் கேளுங்கள். மருந்து கொண்டு போகிறவர்கள் டாக்டர் சீட்டும் மூல அட்டையும் வைத்திருங்கள். டிராமடால், கோடீன் சேர்ந்த வலி மாத்திரைகளுக்கும் இருமல் மருந்துகளுக்கும் அங்கே கடும் கட்டுப்பாடு உண்டு.

அப்புறம், அடுத்தவர் பொட்டலம். "என் மச்சானுக்கு இத மட்டும் குடுத்துருங்க" என்று விமான நிலைய வாசலில் நீட்டினால் வாங்காதீர்கள். சொந்தக்காரர் கொடுத்தாலும் பிரித்து, பார்த்து, நீங்களே கட்டியதை மட்டும் எடுத்துப் போங்கள். பெட்டிக்குள் என்ன இருந்தாலும் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

துபாய் போகிற பெட்டிக்கு ஒரு பக்கமாவது தட்டையாக இருக்க வேண்டும். போர்வையில் சுருட்டிக் கயிறு கட்டிய உருண்டை மூட்டையை ஏற்க மாட்டார்கள். பெட்டிக்கு வெளியேயும் உள்ளேயும் பெயரும் ஃபோன் நம்பரும் எழுதிய சீட்டு வையுங்கள். ஒரே மாதிரி கறுப்புப் பெட்டி நூறு வரும், கைப்பிடியில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டால் தூரத்திலேயே தெரியும்.

சென்னை விமான நிலையம் போய்ச் சேருவது

ரயிலில் போகிறவர்கள் எழும்பூர் வரை போக வேண்டியதில்லை. நெல்லை எக்ஸ்பிரஸ், வந்தே பாரத் இரண்டுமே தாம்பரத்தில் நிற்கும். அங்கே இறங்கிக் கடற்கரை போகும் மின்சார ரயிலில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் தாண்டி நான்காவது நிறுத்தம் திரிசூலம். விமான நிலையம் அதற்கு எதிர்ப்புறம், சுரங்கப்பாதை வழியாகச் சாலையைக் கடக்கலாம். தோளில் ஒரு பை மட்டும் என்றால் இதைவிடச் சல்லிசான வழி இல்லை. முப்பது கிலோ பெட்டியோடு காலை நெரிசலில் மின்சார ரயிலில் ஏறாதீர்கள், தாம்பரத்திலேயே டாக்சி பிடியுங்கள்.

பஸ்ஸில் வந்தால் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் விமான நிலையம் பக்கமாகப் போகும் மாநகரப் பேருந்துகள் உண்டு. நகருக்குள் தங்கியிருப்பவர்களுக்கு மெட்ரோதான் நல்லது. விமான நிலையத்துக்குள்ளேயே நிலையம் இருக்கிறது. ஆனால் இரவு பதினொரு மணியோடு மெட்ரோ ஓய்ந்துவிடும்.

பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரமும், உள்நாட்டுக்கு இரண்டு மணி நேரமும் முன்னதாக முனைய வாசலில் இருக்க வேண்டும். ரயில் தாமதமானால் என்ன செய்வது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். காலை விமானத்துக்கு அன்று காலை வந்து சேரும் ரயிலை நம்ப வேண்டாம். ஒரு நாள் முன்னதாகப் போய் யாராவது சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள்.

சென்னையில் பன்னாட்டு விமானங்களுக்கு டி2 முனையம். இதன் புதிய கட்டடம் 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. உள்நாட்டு விமானங்கள் டி1, டி4 என்று இரண்டாகப் பிரிந்திருக்கின்றன. எந்தக் கம்பெனி எங்கே என்பது அவ்வப்போது மாறும், டிக்கெட்டில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். தவறான முனையத்தில் இறங்கிவிட்டாலும் பதற வேண்டாம், நடந்தே போய்விடலாம்.

உள்ளே, ஒவ்வொரு வாசலாக

முதல் வாசலில் மத்தியப் பாதுகாப்புப் படையான சி.ஐ.எஸ்.எஃப். வீரர் நிற்பார். டிக்கெட்டும் அடையாள அட்டையும் மட்டும் கேட்பார். டிக்கெட்டை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். ஃபோனில் சார்ஜ் போனாலும் தாள் அப்படியே இருக்கும். வழியனுப்ப வந்தவர்கள் இதோடு சரி, ஆகவே கட்டிப்பிடித்து அழுவதெல்லாம் இதற்கு முன்பே. உள்நாட்டுப் பயணத்துக்கு ஆதாரை இணைத்து டிஜியாத்ரா செயலியில் பதிந்து வைத்திருந்தால் முகத்தைக் காட்டி நுழையலாம். அடிக்கடி போகிறவர்களுக்கு அது நல்ல வசதி.

உள்ளே போனதும் ஒரு தள்ளுவண்டியை எடுத்துக்கொள்ளுங்கள், காசு இல்லை. பெரிய திரையில் உங்கள் விமான எண்ணைத் தேடி, எந்த வரிசைக் கவுண்டர் என்று பாருங்கள். ஊரைப் பார்க்காதீர்கள், துபாய்க்கு அரை மணி இடைவெளியில் இரண்டு விமானம் இருக்கலாம். எண்தான் அடையாளம்.

கவுண்டரில் பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் விமானத்தில் ஏறுவதற்கான சீட்டு, அதாவது போர்டிங் பாஸ், தருவார்கள். பெட்டியை எடை போட்டு அனுப்பிவிட்டு ஒரு சின்ன ஸ்டிக்கரும் ஒட்டித் தருவார்கள். அதைத் தொலைக்காதீர்கள், பெட்டி வரவில்லை என்றால் அதுதான் ஆதாரம். நடைபாதை ஓர இருக்கை வேண்டுமா, ஜன்னல் வேண்டுமா என்று இங்கே வாய்விட்டுக் கேளுங்கள். தமிழிலேயே கேட்கலாம். புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு பெரும்பாலான கவுண்டர்கள் மூடிவிடும். அதற்குப் பிறகு கெஞ்சினாலும் அவர்களால் திறக்க முடியாது.

வெளிநாடு போகிறவர்களுக்கு அடுத்தது இமிக்ரேஷன். முன்பெல்லாம் ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள். 2017 ஜூலை முதல் இந்தியர்களுக்கு அது கிடையாது. "எங்கே போறீங்க, எதுக்கு, எத்தனை நாள்" என்ற மூன்று கேள்விதான் பெரும்பாலும் வரும். உண்மையை உள்ளபடி சுருக்கமாகச் சொல்லுங்கள். அத்தை "மகளுக்குப் பிரசவம், மூணு மாசத்துல வந்துருவேன்" என்றார்கள். அதிகாரி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

அப்புறம் பாதுகாப்புச் சோதனை. ஃபோன், லேப்டாப், பவர் பேங்க், பெல்ட், சில்லறை எல்லாவற்றையும் தட்டில் வைத்துவிட்டுச் சட்டகத்துக்குள் நடக்க வேண்டும். ஆண்களுக்கு வெள்ளி அரைஞாண், பெண்களுக்குச் சேலை ஊக்கு, மெட்டி இவற்றுக்கெல்லாம் கருவி சத்தம் போடும். பயப்பட வேண்டாம், கையில் வைத்திருக்கும் கருவியால் தடவிப் பார்த்துவிட்டு விடுவார்கள். பெண்களைத் திரை மறைவில் பெண் காவலர்தான் சோதிப்பார். தாலியைக் கழற்ற வேண்டியதில்லை. உடம்புக்குள் இரும்புத் தகடு, செயற்கை மூட்டு வைத்தவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள், பேஸ்மேக்கர் உள்ளவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். தட்டில் வைத்ததை எண்ணி எடுங்கள். மூன்று பொருள் வைத்தால் மூன்றையும் எடுத்த பிறகே நகருங்கள். பதற்றத்தில் ஃபோனை விட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர்.

கடைசி வாசல்தான் விமானத்தில் ஏறும் கேட். போர்டிங் பாஸில் எண் இருக்கும், ஆனாலும் கடைசி நேரத்தில் மாறலாம். அரை மணிக்கு ஒரு தடவை திரையைப் பாருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காதீர்கள், பெரிய நிலையங்களில் அறிவிப்புகளைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். முதலில் கேட்டைக் கண்ணால் பார்த்துவிட்டு, பிறகு காப்பி குடிக்கப் போங்கள். காலிப் பாட்டில் கொண்டு வந்திருந்தால் குடிநீர்க் குழாயில் நிரப்பிக்கொள்ளலாம். புறப்படும் நேரத்துக்கு ஏறக்குறைய 25 நிமிடம் முன்பு கேட்டை மூடிவிடுவார்கள்.

நடுவில் மாறி ஏறுபவர்கள்

தூத்துக்குடி, சென்னை, சிங்கப்பூர் என்று மாறிப் போவதானால் இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில், ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றி அனுப்புவது கம்பெனியின் பொறுப்பு. தனித்தனியாக எடுத்திருந்தால் இரண்டாவது டிக்கெட் பணம் போனது போனதுதான். நானூறு ஐந்நூறு ரூபாய் மிச்சத்துக்காகப் பிரித்து எடுக்காதீர்கள். அப்படி எடுக்கத்தான் வேண்டுமென்றால் நடுவில் ஐந்தாறு மணி நேரமாவது விடுங்கள். பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் போகிறதா, சென்னையில் எடுத்து மறுபடி கொடுக்க வேண்டுமா என்று வாகைக்குளம் கவுண்டரிலேயே கேட்டு, ஒட்டிய சீட்டில் கடைசி ஊரின் குறியீடு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சிங்கப்பூர் போகிறவர்கள் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் என்றால் அது அரசுத் தளம் ஆகாது. அங்குள்ள சாங்கி விமான நிலையத்தில் டி1, டி2, டி3 மூன்றுக்கும் நடுவே சின்ன ரயில் ஓடுகிறது, டி4க்குப் பஸ்.

வயதானவர்கள் தனியாகப் போனால்

சக்கர நாற்காலி கேட்பதில் கூச்சம் வேண்டாம். முட்டிவலி உள்ளவர்களுக்கு அந்த நீள நடை பெரிய தண்டனை. டிக்கெட் போடும்போதே, தாமதமானால் இரண்டு நாள் முன்பாவது விமானக் கம்பெனியிடம் பதிவு செய்யுங்கள். தள்ளி வருகிற பணியாளர் ஒவ்வொரு வாசலிலும் கூடவே இருப்பார் என்பதால் மொழி தெரியாத நாட்டில் இது பெரிய தைரியம்.

ஒரு அட்டையில் போகும் இடத்து முகவரி, பிள்ளையின் ஃபோன் நம்பர், சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கழுத்துப் பையில் போட்டுவிடுங்கள். பாஸ்போர்ட்டும் அந்தப் பையிலேயே இருக்கட்டும். அந்த நாட்டில் நம் சிம் வேலை செய்யாமல் போகலாம், அப்போது அந்த அட்டையைக் காட்டினால் யாராவது கூப்பிட்டுக் கொடுப்பார்கள்.

திரும்பி வரும்போது

சென்னையில் இறங்கியதும் இமிக்ரேஷன், பெட்டி, சுங்கம் என்ற வரிசை. வரி கட்ட வேண்டிய பொருள் இருந்தால் சிவப்பு வழி, இல்லையென்றால் பச்சை வழி. தங்கத்துக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி அளவு உண்டு, எத்தனை நாள் வெளிநாட்டில் இருந்தீர்கள் என்பதையும் பார்ப்பார்கள். நகை வாங்கும் முன்பே அன்றைய விதியைச் சுங்கத்துறைத் தளத்தில் பார்த்து, பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி வரவில்லை என்றால் வெளியே வந்துவிடாதீர்கள். உள்ளேயே விமானக் கம்பெனியின் மேசையில் அந்தச் சின்ன ஸ்டிக்கரைக் காட்டிப் புகார் எழுதி, எண் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

ஊருக்கு ரயில் போடும்போது விமானம் இறங்கும் நேரத்துக்கும் ரயில் நேரத்துக்கும் நடுவில் ஐந்து மணி நேரமாவது விடுங்கள். நெல்லை எக்ஸ்பிரஸ் என்றால் தாம்பரத்தில் ஏறும்படியே டிக்கெட் எடுங்கள். பெட்டிகளோடு எழும்பூர் வரை போய், மறுபடி அதே வழியில் தாம்பரம் தாண்டி வருவது வீண் அலைச்சல்.